யாழ்ப்பாண நினைவு மலர்களும் குடும்ப வரலாற்றுத் தேடலில் சமூக நூலகங்களின் பணியும்

ஆய்வுச் சுருக்கம்

யாழ்ப்பாணத் தமிழரிடையே இறந்தோர் நினைவாக அச்சிடப்பெறும் ‘கல்வெட்டு’, ‘நினைவு மலர்’ ஆகிய சிறுநூல்கள் குடும்ப வரலாற்றுக்கான முதன்மைச் சான்றுகளாகும். அவற்றைத் திரட்டி வைப்பதுடன் ஊர் வாசிகசாலைகளின் பணி முடிவதில்லை. அவற்றிலுள்ள திதி வெண்பா, புலம்பல், வம்சாவளி ஆகிய மூன்றையும் ஒருசேர வாசிக்கும் பயிற்சியை அவை அளித்தல் வேண்டும். அப்பயிற்சியின் வழியே வம்சாவளியில் மறைந்துபோன பெண்வழியை மீட்க இயலும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச் சொற்கள்: கல்வெட்டு, திதி வெண்பா, புலம்பல், வம்சாவளி, சீதன உறுதி, வாசிகசாலை.

முன்னுரை

1981ஆம் ஆண்டு மே இறுதியில் தொடங்கிய வன்முறையின்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டுச்சுவடிகளும் உடன் எரிந்தன. பின்னர் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் வீடுகளைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, காணி உறுதிகளையும் ஒளிப்படங்களையும் இழந்தன. இந்நிலையில், புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த தலைமுறையினர் தம் முன்னோரைத் தேடும்போது கைக்கு எட்டுவது பெரும்பாலும் ஒரு நினைவு மலரே. உற்றார் உறவினருக்குப் பகிர்ந்தளிக்கப்பெற்றமையால் அதன் படிகள் பல வீடுகளில் சிதறிக் கிடந்தன. ஒரு வீட்டில் அழிந்தது மற்றொரு வீட்டில் எஞ்சியது.

2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இத்தகைய மலர்களையும் ஆவணப்படுத்தி வருகிறது. எனினும் படி கிடைப்பது ஒன்று, அதைப் படித்தறிவது வேறொன்று. இவ்விடைவெளியிலேயே சனசமூக நிலையங்களைச் சார்ந்த வாசிகசாலைகளின் பணி அமைகிறது.

நினைவு மலரின் அமைப்பு

இறப்பின் 31ஆம் நாள் கிரியையையொட்டி இம்மலர்கள் வெளியிடப்பெறுவது வழக்கம். பழைய கல்வெட்டுகள் காப்புச் செய்யுளுடன் தொடங்கி, திதி வெண்பா, ஊர்ச் சிறப்பு, மரபு, வாழ்க்கை வரலாறு, புலம்பல் எனச் செய்யுள் வடிவில் அமையும். பிற்கால மலர்களில் தேவார திருவாசகங்களும் உரைநடை வாழ்க்கைக் குறிப்பும் கிளைப்படமாக வரையப்பெற்ற வம்சாவளியும் இடம்பெறுகின்றன.

திதி வெண்பாவும் காலக் கணிப்பும்

திதி வெண்பா, இறந்த ஆண்டு, மாதம், பக்கம், திதி ஆகியவற்றைக் கூறும். ஆண்டுத் திதி கொடுப்போர் நினைவிற்கொள்ள எழுந்த இச்செய்யுள், ஆய்வாளருக்குக் காலச் சான்றாகிறது. இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீள வருவன. எடுத்துக்காட்டாக, ‘விய ஆண்டு ஆவணி’ என்பது 1886, 1946, 2006 ஆகிய மூன்றையும் குறிக்கலாம். அச்சகக் குறிப்பு, பேரப்பிள்ளைகள் இடம்பெறும் முறை, தாளின் தன்மை ஆகியவற்றைக் கொண்டே உரிய ஆண்டைத் துணிதல் வேண்டும். பின்னர் அவ்வாண்டுப் பஞ்சாங்கத்தில் திதியைப் பொருத்தினால் ஆங்கில நாள் கிடைக்கும். அந்நாளைக் கொண்டு இறப்புப் பதிவைத் தேடலாம். ஆதலின் வாசிகசாலைகள் பழைய பஞ்சாங்கங்களைக் கழிக்காது பேணுதல் இன்றியமையாதது.

புலம்பலும் உறவுமுறைச் சொற்களும்

வம்சாவளிப் படங்கள் பெரும்பாலும் ஆண்வழியையே தொடர்கின்றன. மணமாகிச் சென்ற மகளின் கிளை பல படங்களில் அவளோடு நின்றுவிடுகிறது. புலம்பற் பகுதியோ மனைவி, மக்கள், மருமக்கள், உடன்பிறந்தோர், பேரர் எனத் துயருறுவோர் அனைவரையும் முறைப்படி நிறுத்துகிறது. படத்தில் இடம்பெறாத பெண்கள் இங்கே குரல் பெறுகின்றனர்.

இப்பகுதியைப் படிக்க உறவுமுறைச் சொற்களின் பொருளெல்லை தெரிதல் வேண்டும். ‘மருமகன்’ என்பது மகளின் கணவனையும் குறிக்கும். ஆணொருவருக்குச் சகோதரியின் மகனையும் குறிக்கும். அவருடைய சகோதரனின் மக்களோ ‘பெறாமக்கள்’ எனப்படுவர். இவ்வேறுபாட்டை அறியாதார் சகோதரியின் கிளையை மகளின் கிளையாக எழுதிவிடக்கூடும். தமிழறியாத் தலைமுறையினர் பொறிவழி மொழிபெயர்ப்பை மட்டும் நம்பினால் நேரக்கூடிய பிழையும் இதுவே.

சீதன உறுதி காட்டும் பெண்வழி

புலம்பல் தரும் பெண்ணின் பெயரை உறுதிப்படுத்த மற்றொரு சான்று தேவை. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பெற்ற தேசவழமை, பெண்ணின் சீதனத்தைத் தனிச் சொத்தாகக் கருதுகிறது. தாயின் சீதனக் காணி மகளுக்குச் சீதனமாவதும் வழக்கம். ஆகவே ஒரே காணிப்பெயர் தாய், மகள், பெயர்த்தி ஆகியோரின் உறுதிகளில் தொடர்ந்து வரக்கூடும். தந்தை பெயரே முன்னொட்டாக அமையும் பெயர் மரபில் தலைமுறைதோறும் மாறும் பெயரைவிட மாறாத காணிப்பெயர் உறுதியான தடயமாகிறது. மலரையும் உறுதியையும் அருகருகே வைத்துப் படிப்பின் பெண்வழிக் கிளை புலப்படும்.

வாசிகசாலைகள் ஆற்றத்தக்க பணிகள்

முதலாவது, திரட்டல். மலர்களை வாங்கி வைத்துக்கொள்வதைவிட, படியெடுத்துக்கொண்டு உரியவரிடமே மீள ஒப்படைப்பது நம்பிக்கையை வளர்க்கும். இரண்டாவது, பெயரடைவு. இறந்தவர் பெயரோடு நில்லாது, புலம்பலில் வரும் பெயர்கள், பிறந்த ஊர், புகுந்த ஊர், காணிப்பெயர் ஆகியனவும் அடைவில் இடம்பெறல் வேண்டும். மூன்றாவது, கூட்டு வாசிப்பு. செய்யுளைப் பிரித்துப் படிக்கவல்ல மூத்தோரையும் தேடிவரும் இளையோரையும் ஓரிடத்தில் அமர்த்தி ஒரு மலரை முழுமையாகப் படித்தல் பயன்தரும். நான்காவது, வாய்மொழிப் பதிவு. மலர் அச்சிட வசதியற்ற குடும்பங்களும் சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோரும் இச்சான்றுகளில் குறைவாகவே இடம்பெறுவர். மலர்களை மட்டும் திரட்டும் நூலகம் அக்குறையை மீண்டும் நிலைநிறுத்திவிடும். ஆதலின் அவர்தம் நினைவுகளை அவர்தம் இசைவுடன் பதிவுசெய்தல் கடமையாகும்.

சான்றின் வரம்பு

நினைவு மலர் துயருற்ற குடும்பத்தார் எழுதுவித்த புகழுரை. ஏற்கப்படாத திருமணங்களும் விலக்கப்பட்ட பிள்ளைகளும் அதில் விடுபடலாம். மரபு கூறும் பகுதி சாதிப் பெருமிதத்திற்கு இடந்தரலாம். வம்சாவளியில் உயிருடன் இருப்போரின் விவரங்களும் உள்ளன. அவற்றைப் பொதுவெளியில் இடுமுன் உரியோரின் இசைவைப் பெறுதல் அறமாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், திதி வெண்பா காலத்தையும் புலம்பல் உறவையும் வம்சாவளி கிளையையும் தருகின்றன என்பதும், இவற்றுள் ஒன்றை மட்டும் கொள்வது பிழைக்கு வழிவகுக்கும் என்பதும் புலனாகின்றன. பெண்வழியை மீட்கப் புலம்பலும் சீதன உறுதியும் துணைநிற்கின்றன. எரிந்த நூல்களை மீட்டல் அரிது. ஆனால் வீடுகளில் எஞ்சியிருக்கும் மலர்களைப் படிக்கத் தெரிந்த மூத்தோர் இன்றும் ஊர்களில் உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே அவ்வாசிப்பறிவை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுவதே வாசிகசாலைகளின் உடனடிப் பணியாகும்.