அயலேடும் ஒளியும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் வெண்களிமண் பிசைவதைக் கண்டிருப்பீர்கள். விரல் சென்ற வழியெல்லாம் அம்மண் வளைந்து கொடுக்கும். அதன் துகள்கள் நுண்ணிய தகடுகள். இடையே நீர் நிற்பதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஒவ்வொரு தகடும் அதனினும் மெல்லிய ஏடுகளின் அடுக்கே ஆகும்.

இத்தகைய அடுக்குப் பொருள்களுள் மாலிப்டினம் டைசல்பைடும் ஒன்று. கரிய நிறமுடைய இது எந்திரங்களுக்கு மசகாகப் பயன்படுவது. கட்டியாக இருக்கையில் இதன்மேல் ஒளியைப் பாய்ச்சினால், இது திரும்ப உமிழும் ஒளி மிகச் சொற்பம். 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழக அறிஞர்கள் இதன் ஓரேட்டை மட்டும் தனியே பிரித்து ஆராய்ந்தனர். அவ்வேட்டின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. என்ன வியப்பு! அது செவ்வொளி உமிழ்ந்தது. அதன் ஒளி உமிழும் திறன் கட்டியினுடையதைவிட 10,000 மடங்கிற்கும் மேலாயிருந்தது! இரண்டேடுகள் சேர்ந்திருந்த இடத்திலோ ஒளி மங்கிற்று. பொருள் ஒன்றே, அயல்தான் வேறு. அயலேடு நெருங்கியதும் எலெக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகள் மாறுகின்றன. நேரே இறங்கி ஒளி உமிழ வேண்டிய அவை வேறு நிலைகளுக்குச் சென்றுவிடுகின்றன.

அயலாக வருவது கரியின் ஓரேடாகிய கிராபீன் ஆயின், ஒளியாக வேண்டிய ஆற்றலை அது விரைந்து கவர்ந்துகொள்ளும். போரான் நைட்ரைடு அவ்வாறன்று. மின்சாரம் கடத்தாத அவ்வேடுகள் இருபுறமும் மூடிக் காக்கும்போது, கடுங்குளிரில் ஒளியின் நிறம் கலப்பின்றித் தெளிகிறது. போரான் நைட்ரைடும் பீங்கான் இனத்தைச் சேர்ந்ததே என்பதை விருத்தாசலத்து மாணவர் உவகையுடன் கேட்பர். இதற்கு வேண்டிய தூய படிகங்களை ஆக்கி உலகின் ஆய்வுக்கூடங்கள் பலவற்றிற்கு அளித்தவர்கள் ஜப்பான் நாட்டுச் சுகுபா நகரத்து அறிஞர்களான தனிகுச்சியும் வாதனபேயும் ஆவர்.