முள்ளந்தண்டிலிகளின் உடற்கவசமும் உடற் திரவமும் – ஓர் ஒப்பீடு



தென்மேற்குப் பருவ மழை தொடங்கியதும் கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவைப் பக்கங்களில் தேயிலை மலைக்கு ஏறுபவர்களின் காலில் அட்டை கடிக்கும். வீட்டுத் தோட்டத்தில் ஆபிரிக்க நத்தை இலைகளைத் தின்னும். மண்ணைக் கிளறினால் மண்புழு நெளியும். குசினியில் கரப்பான் பூச்சி ஓடும். ஓடையில் கல்லைப் புரட்டினால் நண்டு ஒளியும். இவை ஐந்தும் முள்ளந்தண்டிலிகள். இப்பாடத்திற்கு வேண்டிய உதாரணங்களை இவற்றிலிருந்தே பெறலாம்.

நான் ஒரு கலைப் பட்டதாரி. மாணவனாக இருந்தபோது, "நத்தையை நசுக்கினால் சிவப்பு நிறம் வருவதில்லை, எனவே அதற்குக் குருதி இல்லை" என்று பரீட்சையில் எழுதிப் புள்ளியை இழந்தேன். நான் பார்த்தது சரி. எடுத்த முடிவு பிழை. இதே பிழையை இன்றும் பலர் விடுகின்றனர். ஆகவே ஒவ்வொரு விலங்கையும் காணும்போது இரண்டு வினாக்களைக் கேளுங்கள்.

(அ) உடலைத் தாங்கிக் காக்கும் பொருள் எது?
(ஆ) ஒட்சிசனைக் கொண்டு செல்வது எது?

வேலை ஒன்றே, அதைச் செய்யும் பொருள் விலங்குக்கு விலங்கு வேறுபடும். இதுவே பாடத்தின் சாரம்.

1. கைற்றின் என்பது யாது?

கைற்றின் ஒரு பல்சக்கரைட்டு. தாவரக் கலச்சுவரிலுள்ள செலுலோசு குளுக்கோசு அலகுகளாலான நீண்ட சங்கிலியாகும். கைற்றினும் அவ்வாறான சங்கிலியே. ஆனால் அதன் ஒவ்வோர் அலகிலும் நைதரசன் அடங்கிய ஒரு கூட்டம் இணைந்துள்ளது. எனவே செலுலோசில் காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகிய மூன்று மூலகங்களும், கைற்றினில் இவற்றுடன் நைதரசனும் உண்டு.

1811 இல் பிரான்சின் ஹென்றி பிராக்கொனோ இப்பொருளை முதலில் காளானிலிருந்தே பிரித்தெடுத்தார். 1823 இல் ஒடியே என்பவர் பூச்சிகளின் உறையில் அதனைக் கண்டு, மேலாடை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டார். 1929 இல் அல்பேர்ட் ஹொஃப்மன் நத்தையின் சமிபாட்டுச் சாற்றினால் கைற்றினை உடைத்து அதன் கட்டமைப்பை விளக்கினார்.

பங்கசுக்களின் கலச்சுவரிலும் கைற்றின் உண்டு என்பதை மறவாதீர்கள். தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறிய வண்டு, தான் குடைந்த துளையில் ஒரு பங்கசை வளர்த்து உண்கிறது. அங்கே உண்ணும் வண்டின் உறையிலும், உண்ணப்படும் பங்கசின் கலச்சுவரிலும் இருப்பது கைற்றினே.

2. உடலைத் தாங்கும் பொருள்கள்

கரப்பான் பூச்சி: புறவன்கூடு கைற்றினும் புரதமும் சேர்ந்தது. கைற்றின் மட்டும் தனியே இருந்தால் அது வளையும். புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுவதாலேயே உறை கடினமாகிறது. வெளிப்புற மெழுகுப் படை நீரிழப்பைத் தடுக்கிறது.

நண்டு: கைற்றின், புரதம் ஆகியவற்றுடன் கல்சியம் காபனேற்றும் படிந்துள்ளது. எனவே ஓடு மேலும் கடினமானது.

நத்தை: ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்று, சிறிதளவு புரதமும் உண்டு. ஆபிரிக்க நத்தை சுண்ணாம்பு பூசிய சுவரைச் சுரண்டுவது கல்சியம் பெறுவதற்கே. ஓட்டில் கைற்றின் முக்கிய பொருளன்று. ஆனால் இலையைச் சுரண்டும் அதன் நாக்குப் போன்ற உறுப்பில் கைற்றின் உண்டு.

மண்புழு: கடினமான கவசம் இல்லை. உடற்குழியில் நிறைந்த திரவத்தைத் தசைகள் அழுத்துவதால் உடல் விறைப்படைகிறது. இது நீர்நிலையியல் வன்கூடு எனப்படும். மண்ணைப் பற்றும் நுண்ணிய சிலிர்முட்களில் மட்டும் கைற்றின் உண்டு.

வளர்ச்சியிலும் வேறுபாடு உண்டு. கரப்பானும் நண்டும் உறையைக் கழற்றியே வளர வேண்டும். ஏனெனில் கடினமான உறை விரிவடையாது. நத்தை ஓட்டைக் கழற்றுவதில்லை. வாயோரத்தில் புதிய பகுதியைச் சேர்த்துக்கொண்டே வளர்கிறது.

3. உடற் திரவங்கள்

மண்புழு: மூடிய சுற்றோட்டம். குருதி சிவப்பு. இரும்பைக் கொண்ட ஈமோகுளோபின் திரவவிழையத்திலேயே கரைந்துள்ளது. மனிதனில் அது செங்குருதிக் கலங்களுக்குள் உண்டு.

நத்தை, நண்டு: திறந்த சுற்றோட்டம். ஒட்சிசனைக் கொண்டு செல்வது செப்பைக் கொண்ட ஈமோசயனின். ஒட்சிசன் சேர்ந்தால் இளநீலம், நீங்கினால் நிறமில்லை. என் பழைய விடையின் பிழை இப்போது விளங்கும். நத்தைக்குக் குருதி உண்டு. அதில் சிவப்பு நிறப்பொருள்தான் இல்லை.

கரப்பான் பூச்சி: திறந்த சுற்றோட்டம். ஒட்சிசனைக் காவும் நிறப்பொருள் இல்லை. ஒட்சிசன் வாதனாளிகள் வழியாக நேரே இழையங்களை அடைகிறது. குருதி உணவு, ஓமோன், கழிவு ஆகியவற்றையே கொண்டு செல்கிறது.

உடுமீன்: உடற் திரவத்தின் உப்புச் செறிவு கடல்நீரை ஒத்தது. இக்கணத்து விலங்கு எதுவும் நன்னீரில் வாழ்வதில்லை. மகாவலியில் உடுமீன் காணப்படாமைக்குக் காரணம் இதுவே.

4. அட்டையும் உப்பும்

அட்டை கடித்தால் பெரியவர்கள் உப்பைத் தூவுவர். அட்டையின் ஈரமான மெல்லிய தோலினூடாக உள்ளிருக்கும் நீர் பிரசாரணம் மூலம் வெளியேற, அது சுருங்கி விழுகிறது. அதே உப்பைக் கரப்பான் மீது தூவினால் அப்படி நிகழாது. மெழுகுப் படையுடன் கூடிய கைற்றின் உறை நீரை எளிதில் விடாது. கடித்த இடத்தில் குருதி நெடுநேரம் வடிவது, உறைதலைத் தடுக்கும் பொருளை அட்டை சுரப்பதாலாகும்.

எச்சரிக்கை: ஆபிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள். மனித மூளையைப் பாதிக்கும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கக்கூடும்.

5. அடிக்கடி விடப்படும் பிழைகள்

• "கைற்றின் ஒரு புரதம்" – பிழை. அது காபோவைதரேற்று.
• "நகமும் மயிரும் கைற்றினாலானவை" – பிழை. அவை கெரற்றின் என்னும் புரதத்தாலானவை.
• "நிறமற்ற திரவம் குருதியன்று" – பிழை. நிறத்தைக் கொண்டு அன்று, தொழிலைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.
• "முள்ளந்தண்டிலி எதிலும் ஈமோகுளோபின் இல்லை" – பிழை. மண்புழு சிறந்த எதிர் உதாரணம்.

6. பயிற்சி வினா

வினா: கரப்பான் பூச்சியின் குருதியில் ஒட்சிசனைக் காவும் நிறப்பொருள் இல்லாதபோதும் அது விரைவாக ஓடுவது எவ்வாறு சாத்தியமாகிறது?

விடை: ஒட்சிசன் குருதி மூலம் கடத்தப்படுவதில்லை. சுவாசத்துளைகளினூடாக உட்செல்லும் வளி, வாதனாளிகளின் நுண்ணிய கிளைகள் வழியே தசைக்கலங்களை நேரடியாக அடைகிறது. எனவே கலச்சுவாசத்துக்குப் போதிய ஒட்சிசன் கிடைக்கிறது.

மாணவர்களே, விஞ்ஞானம் பெரிய ஆய்வுகூடம் உள்ள பாடசாலைகளுக்கு மட்டும் உரியதன்று. உங்கள் வீட்டு வாசலிலேயே ஐந்து மாதிரிகள் இருக்கின்றன. பாருங்கள்; பார்த்ததை உள்ளபடி எழுதுங்கள்; முடிவெடுக்குமுன் "இது என்ன தொழிலைச் செய்கிறது?" என்று ஒருமுறை கேளுங்கள். நான் அன்று இழந்த புள்ளியை நீங்கள் இழக்க மாட்டீர்கள்.

பரீட்சையில் சித்தியடைய வாழ்த்துகள்.