அசந்து தூங்கினால் நிம்மதியா?

இரவு இரண்டு மணி. மூச்சிரைக்கத் தூக்கி வந்த அப்பா ஐசியூவில் கண்மூடிக் கிடக்கிறார். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், மானிட்டரில் 99. "இப்பத்தான் அசந்து தூங்குறாரு" என்று மகன் வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்கிறார். உள்ளே டாக்டர் அவரைத் தட்டி எழுப்பிப் பார்த்துவிட்டு, மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுக்கிறார். டாக்டரைக் கவலைப்பட வைப்பதே அந்தத் தூக்கம்தான்.

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றி வருகிறவர்களின் வீடுகளில் இந்தக் காட்சி புதிதல்ல. பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு மட்டுமல்ல, விறகடுப்புப் புகையிலேயே காலமெல்லாம் சமைத்த பெண்களுக்கும் வரும் நோய் இது. இதில் மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் பெரும்பாடு. சுருங்கிய குழாய்கள் வழியே பழைய காற்று வெளியேறி முடிவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும். நெஞ்சு ஊதியபடியே நிற்கும், தசைகள் களைத்துப்போகும், ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். அது தேங்கத் தேங்கத் தலைவலி, குழப்பமான பேச்சு, பிறகு தூக்கம், கடைசியில் மயக்கம். விரலில் மாட்டிய கிளிப் ஆக்சிஜனை மட்டுமே காட்டும். கரியமில வாயுவைத் தெரிந்துகொள்ளத்தான் மணிக்கட்டில் அந்த ஊசி.

ஆக்சிஜனைக் கூட்டினால் நல்லதுதானே என்ற நம்பிக்கை இங்கேதான் ஆளைக் கவிழ்க்கிறது. காற்று சரியாகப் போய்வராத பகுதிகளுக்கு ரத்தம் வீணாகப் போகாதபடி நுரையீரல் தன் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். அளவுக்கு மீறிய ஆக்சிஜன் அந்தச் சுருக்கத்தைத் தளர்த்திவிட, கரியமில வாயு இன்னும் ஏறும். இந்த நோயாளிகளுக்கு மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 வரை இருந்தால் போதும்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே இதைச் சோதித்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில், சிஓபிடி உறுதியானவர்களில் ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்த பிரிவில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். அளந்து கொடுத்த பிரிவில் 2 சதவீதம். அதற்காக, பயந்துபோய் ஆக்சிஜனைக் கழற்றிவிடுவதும் தவறு. 88க்குக் கீழே இறங்குவதும் உயிருக்கு ஆபத்துதான்.

"மெஷின் போட்டுட்டா அவ்வளவுதான், திரும்ப மாட்டாங்க" என்ற பேச்சு இதைவிடக் கொடியது. அதை நம்பிக் கையெழுத்துப் போடத் தயங்கும் நேரத்தில் தசைகள் மேலும் களைக்கின்றன. கரியமில வாயு தேங்கி ரத்தம் அமிலமாகத் தொடங்கியதும் முதலில் வைப்பது பைபாப். தொண்டைக்குள் குழாய் எதுவும் போகாது. மூக்கையும் வாயையும் இறுக மூடும் மாஸ்க் மட்டுமே. மூச்சை இழுக்கும்போது கூடுதல் அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம். மெஷின் பாதிச் சுமையைத் தாங்க, தசைகள் ஓய்வெடுக்கும். 1995இல் லொரான் புரோஷார் குழுவினர் ஐரோப்பாவில் 85 பேரிடம் செய்த ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்குக் குழாய் போட வேண்டிவந்தது. மாஸ்க் வைத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு மட்டுமே. இறப்பும் 29இலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது.

முதல் பத்து நிமிடம் கஷ்டம்தான். முகத்தில் புயல் அடிப்பதுபோல இருக்கும், பிடுங்கி எறியத் தோன்றும். பழகிய நர்ஸ் உடனே பட்டையை இறுக்க மாட்டார். மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்தபடி, "மெதுவா இழுங்கய்யா, மெஷினோட சேர்ந்து விடுங்க" என்று சொல்லிக்கொடுத்து, மூச்சு சேர்ந்த பிறகே மாட்டுவார். மூக்குத்தண்டு புண்ணாகாமல் பஞ்சு வைப்பார். ஓரிரு மணி நேரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. தேறினால், சாப்பிடவும் மருந்துக்கும் இடையிடையே கழற்றி, சில நாட்களில் நிறுத்திவிடுவார்கள்.

தேறாவிட்டால்தான் குழாயும் வென்டிலேட்டரும். அப்போதும் காற்று வெளியேற அவகாசம் தந்து மெஷினை நிதானமாக ஓட்டுவார்கள். தொற்று அடங்கித் தசைகள் தெளிந்ததும் குழாயை எடுத்து வீடு திரும்புகிறவர்கள் பலர்.

ஒருமுறை இப்படிக் கரியமில வாயு ஏறியவருக்கு அடுத்த முறையும் ஏறலாம். பிரிட்டனில் இத்தகையவர்களிடம் '88-92' என்று குறித்த ஆக்சிஜன் எச்சரிக்கை அட்டையைக் கொடுத்தனுப்புவது வழக்கம். இங்கே டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த எண்ணை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி, இன்ஹேலர் இருக்கும் பையிலேயே வைத்துவிடலாம். அடுத்த முறை 108 வரும்போது முதலில் நீட்ட வேண்டிய காகிதம் அது.