ஏரியில் ஒதுங்கும் மஞ்சள் தூள்: காற்றுவழி மகரந்தச்சேர்க்கைப் பாடத்திற்கு ஒரு துணைப்பொருள்

காற்றுவழி மகரந்தச்சேர்க்கை பாடநூலில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. மகரந்தத் துகள்கள் இலேசானவை, உலர்ந்தவை, மிக அதிக எண்ணிக்கையில் உண்டாகின்றன என்று மாணவர்கள் தேர்வில் எழுதிவிடுவார்கள். ‘மிக அதிகம் என்றால் எவ்வளவு?’ என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த இடத்தில் பின்லாந்து நாட்டு ஏரிகளைப் பற்றிச் சொல்வது என் வழக்கம்.

பின்லாந்தில் சிறியதும் பெரியதுமாக ஏறத்தாழ 1,88,000 ஏரிகள் உள்ளன. நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு காடு. அக்காடுகளில் மிகுதியாக இருப்பது ஸ்காட்ஸ் பைன் என்னும் ஊசியிலை மரம். மே இறுதியிலும் ஜூன் மாதத்திலும் அதன் ஆண் கூம்புகள் முதிர்ந்து வெடிக்கின்றன. வெயில் அடித்துக் காற்று உலர்ந்திருக்கும் நாள்களில் துகள்கள் வெளிப்பட ஆயத்தமாக இருக்கும். அப்போது ஓர் இடிமழை வந்தால், முன்னால் வரும் பலத்த காற்று கிளைகளை உலுக்கித் தூளை மேகம்போல் எழுப்புகிறது. பின்னால் வரும் மழை, காற்றில் மிதப்பதையும் இலை, கூரை, பாறை மேல் படிந்ததையும் கழுவி ஓடை வழியாக ஏரியில் சேர்க்கிறது. புயல் ஓய்ந்த மறுநாள் காலை, மெல்லிய காற்று நீர்ப்பரப்பில் பரவிய தூளை ஒரே கரைக்குத் தள்ளிவிடும். கரையோரம் முழுவதும் மஞ்சள் பட்டை. மழை தேங்கிய குட்டைகளின் விளிம்பிலும் அதே மஞ்சள். ஐரோப்பாவில் முற்காலத்தில் இதைக் கந்தகம் மழையாகப் பெய்தது என்றே நம்பியிருக்கிறார்கள்.

தூள் ஏன் மூழ்கவில்லை? இக்கேள்வியை அவசரமாகக் கடக்க வேண்டாம். பைன் மகரந்தத் துகள் ஒவ்வொன்றிலும் இரண்டு காற்றுப்பைகள் உண்டு. பறப்பதற்காக என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அது உண்மைதான், பைகள் துகள் விழும் வேகத்தைக் குறைக்கின்றன. ஆனால் அவற்றிற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பைன் மரத்தின் சூல்துளை கீழ்நோக்கி இருக்கும். அதன் வாயில் ஒரு சிறு திரவத் துளி சுரந்து தொங்கும். அத்துளியில் ஒட்டும் துகள், காற்றுப்பைகளின் உதவியால் துளிக்குள் மேல்நோக்கி மிதந்து சூலை அடைகிறது. ஒரு துளிக்குள் மிதப்பதற்கு உதவும் அமைப்புதான் ஏரியிலும் மிதக்க வைக்கிறது. சூலைத் தேடிப் புறப்பட்டவற்றில் பெரும்பகுதி இப்படி வீணாகப் போவதால்தான் ‘மிக அதிகம்’ தேவைப்படுகிறது. இதைச் சொன்னபின் அந்தப் பாடநூல் வரியை மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பதில்லை.

மரத்திற்கு வீணானது ஏரிக்கு வீணில்லை. துகளில் நைட்ரஜனும் பாஸ்பரசும் உள்ளன. நீரில் வாழும் நுண்பூஞ்சைகள் அதைத் தாக்கிச் சிதைக்க, அப்பூஞ்சைகளின் வித்துகளை நுண் விலங்குகள் உண்கின்றன. எஞ்சும் புறச்சுவர் ஸ்போரோபொலெனின் என்னும் பொருளால் ஆனது, எளிதில் மட்காது. ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். 1916-இல் ஸ்வீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட், படிவுகளின் ஒவ்வோர் அடுக்கிலும் எந்த மரத்தின் துகள் எத்தனை விழுக்காடு என்று எண்ணிப் பழங்காலக் காடுகளின் வரலாற்றை வரைந்து காட்டினார். நீலகிரியின் உயர்மலைச் சதுப்புப் படிவுகளிலும் இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஒப்பீட்டுக்கான பெரிய மகரந்தத் தொகுப்பு இருக்கிறது. மேல்நிலை மாணவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி, நம் ஊருக்குத் தேவையான பகுதி. நீர்மேல் படியும் எல்லாமே மகரந்தம் அல்ல. பின்லாந்திலேயே மக்கள் இதை நீலப்பச்சைப் பாசியோடு குழப்பிக்கொள்கிறார்கள். அப்பாசிகளில் சில நஞ்சை உண்டாக்குபவை; கால்நடைகள் குடித்து இறந்ததும் உண்டு. மகரந்தம் மஞ்சள் நிறமானது, குறுகிய பருவத்தில் மட்டும் வருவது, நிலத்திலும் வண்டிகளின் மேலும் அதே நாளில் படிந்திருக்கும். நீலப்பச்சைப் பாசி பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் நீரில் மட்டுமே தோன்றும்; வெப்பமான, காற்றில்லாத நாள்களில் பெருகும். நம் கண்மாய், குளங்களைச் சுற்றிப் பைன் காடு கிடையாது. எனவே கோடையில் அங்கே அப்படிப் பச்சைப் படலம் கண்டால் மகரந்தம் என்று எண்ணி இறங்கக்கூடாது, ஆடு மாடுகளையும் இறக்கக்கூடாது. ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைகள் இதை வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

செயல்பாட்டிற்கு அதிகச் செலவில்லை. அகலமான தட்டில் நீர் ஊற்றி மிளகுத்தூளை மெல்லத் தூவி, ஒரு பக்கமிருந்து உறிஞ்சுகுழலால் ஊதச் சொல்லுங்கள். தூள் எதிர்க்கரையில் ஒதுங்குவதைக் காண்பார்கள். அடுத்து, மக்காச்சோளத்தின் ஆண் மஞ்சரியைக் கண்ணாடித் தகட்டின்மேல் தட்டி நுண்ணோக்கியில் பார்க்கலாம். செம்பருத்தியின் முள் நிறைந்த, ஒட்டும் துகளை அடுத்த தகட்டில் வையுங்கள். இரண்டில் பூச்சிக்கு உரியது எது என்று மாணவர்களே சொல்லட்டும். மக்காச்சோளத் துகளுக்குக் காற்றுப்பை இல்லை, அளவிலும் பெரியது. அதனால் பெரும்பாலும் அந்த வயலையொட்டியே விழுந்துவிடுகிறது. கொடைக்கானல், உதகைப் பகுதி ஆசிரியர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே தோட்டங்களாக நடப்பட்ட பைன் மரங்களின் ஆண் கூம்பைப் பருவத்தில் எடுத்துவந்தால், இரு காதுகள் வைத்ததுபோன்ற அந்தத் துகளையே மாணவர்கள் நேரில் பார்த்துப் படம் வரையலாம்.