60 நிமிடம், 12 லெவல்: பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை முடிக்கும் வழி

ஜோர்டான் மெக்னர் உருவாக்கிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியா 1989இல் ஆப்பிள் 2 கணினிக்கும், 1990இல் டாஸ் கணினிகளுக்கும் வெளிவந்தது. தொண்ணூறுகளில் அம்பத்தூர் ஓ.டி., ஆவடி, பூந்தமல்லி போன்ற இடங்களின் கம்ப்யூட்டர் சென்டர்களில் வேர்டுஸ்டாரும் ஃபாக்ஸ்புரோவும் படிக்க வந்தவர்களிடையே ஃபிளாப்பி வழியாகக் கைமாறிய ஆட்டங்களில் இதுவும் ஒன்று. பிராக்டிகலுக்குக் கிடைப்பதே பெரும்பாலும் ஒரு மணி நேரம். அதில் கணக்கு வழக்கு நிரல்களை அடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் இளவரசியை மீட்க முடியாது.

ஆட்டத்தின் விதி எளிது. 12 லெவல்களை 60 நிமிடத்துக்குள் கடந்து, இளவரசியைச் சிறைவைத்திருக்கும் அமைச்சன் ஜாஃபரைக் கொல்ல வேண்டும். எத்தனை முறை செத்தாலும் ஆட்டம் முடியாது; அதே லெவலின் தொடக்கத்துக்குத் திரும்பலாம். கடிகாரம் மட்டும் திரும்பாது. ஆகவே உண்மையான எதிரி காவலனோ குழியோ அல்ல, வீணாகும் நிமிடம்தான். கைவேகம் இல்லாதவரும் இதை முடித்துவிடலாம். திட்டம் இல்லாதவர் முடிப்பது அரிது.

முதல் வேலை, ஆட்டத்தை ஒழுங்காக ஓடவைப்பது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2015இல் வெளியிட்ட டாஸ் விளையாட்டுத் தொகுப்பில் இதை உலாவியிலேயே ஆடிப் பார்க்கலாம். ஆனால் சேமித்த ஆட்டத்தைத் திறக்கும் கண்ட்ரோல்-எல் விசையை உலாவி தன் முகவரிப் பட்டைக்கு எடுத்துக்கொள்ளும். ருசி பார்க்க அது போதும், முடிப்பதற்கு உதவாது. சொந்தக் கணினியில், பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸை நிறுவி, விளையாட்டு உள்ள ஃபோல்டரை சி டிரைவாக மவுண்ட் செய்து ஓட்டுவதே நல்லது. 2011 முதல் தமிழக அரசு கொடுத்த பிளஸ் டூ லேப்டாப் பரணில் கிடந்தால் அதுவே தாராளம். டாஸ்பாக்ஸ் வேண்டாம் என்பவர்களுக்கு, டாஸ் பதிப்பை அப்படியே இன்றைய கணினிகளுக்குக் கொண்டுவந்த எஸ்டிஎல்பாப் என்ற திறந்த மூல நிரல் இருக்கிறது. அதில் எஃப்6 அழுத்தினால் அந்த நொடியிலேயே சேமிக்கலாம், எஃப்9 அழுத்தினால் மீட்கலாம். வசதிதான், ஆனால் பாதி சவால் அதோடு போய்விடும்.

அடுத்து விசைகள். முதல் லெவலின் முதல் சில அறைகளை இதற்காகவே செலவிடலாம், அந்த ஆட்டத்தில் கடிகாரத்தைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. அம்புக்குறி மட்டும் என்றால் ஓட்டம். ஷிஃப்டோடு அம்புக்குறி என்றால் ஒற்றை அடி. விளிம்பு வந்ததும் இளவரசன் நின்றுவிடுவான். தாவும்போது ஷிஃப்டைப் பிடித்தபடி இருந்தால் எதிர்விளிம்பைப் பற்றித் தொங்குவான். ஒரு தளம் விழுந்தால் சேதமில்லை, இரண்டு தளம் என்றால் கைவசமுள்ள உயிர்ப் புள்ளிகளில் ஒன்று, அதாவது ஓர் உயிர், போகும், மூன்று என்றால் மரணம். தரையிலிருந்து எழும் ஈட்டி முனைகள் ஓடுகிறவனையும் மேலே வந்து குதிக்கிறவனையும்தான் கொல்லும். அடி அடியாக நடந்தால் ஒன்றும் செய்யாது. எந்தக் கல் ஆட்டம் காணும் என்று சந்தேகமா? நின்ற இடத்திலேயே ஒருமுறை மேலே குதித்தால் போதும், அந்த வரிசையில் உள்ள தளர்ந்த கற்கள் குலுங்கிக் காட்டிக்கொடுக்கும். மூடித் திறக்கும் வெட்டுக்கத்திக்கு முன்னால் ஒற்றை அடியாக வந்து நின்று, அது மூடித் திறந்ததும் தாண்ட வேண்டும்.

மூன்றாவது, வரைபடம். இதைச் செய்யாதவர்களே அதிகம், செய்தவர்கள் அதிக தூரம் போவார்கள். ஒவ்வொரு திரையும் அகலத்தில் 10 கட்டம், உயரத்தில் 3 கட்டம். ஒரு லெவலில் அதிகபட்சம் 24 திரைகள். எனவே கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பத்துக்கு மூன்று என்று பெட்டி போட்டால் ஒரு லெவல் ஒரே பக்கத்தில் அடங்கும். மிதித்தால் கதவு திறக்கும் கல், மிதித்தால் மூடும் கல், இரண்டையும் வேறு வேறு குறியிட்டு, எது எந்தக் கதவுக்கு என்று அம்பு போட வேண்டும். குப்பிகளையும் குறிக்க வேண்டும்: சிவப்பு நுரை விடும் சிறிய குப்பி இழந்த உயிர் ஒன்றைத் தரும், பெரிய குப்பி மொத்த உயிர்களில் ஒன்றைக் கூட்டும், நீல நுரை விடுவது ஓர் உயிரைப் பறிக்கும். கறுப்புவெள்ளை மானிட்டரில் ஆடியவர்களுக்கு இந்த நிற வேறுபாடு தெரியவே தெரியாது. அவர்களுக்கு நோட்டு ஒன்றே துணை.

வேவு பார்க்கக் குறுக்குவழி ஒன்று உண்டு. டாஸ் பழைய பதிப்பில் பிரின்ஸ் என்ற கட்டளைக்குப் பின் இடம் விட்டு மெகாஹிட் என்றும், பிந்தைய பதிப்பில் இம்ப்ரூவ்ட் என்றும் தட்டினால் ஏமாற்று விசைகள் திறக்கும். ஹெச், ஜே, யு, என் ஆகியவை முறையே இடம், வலம், மேல், கீழ் உள்ள அறைகளைக் காட்டும். ஷிஃப்ட்-எல் அடுத்த லெவலுக்குத் தாவும். இந்த முறையில் வரைபடம் போட்டுக்கொண்டு, பிறகு சாதாரண ஆட்டத்தில் நேர்மையாக ஆடலாம். சாதாரண ஆட்டத்திலும் ஷிஃப்ட்-எல் நான்காம் லெவல் வரை வேலை செய்யும். ஆனால் மிச்ச நேரத்தை 15 நிமிடமாக வெட்டிவிடும். அது பொறி.

நான்காவது, சேமிப்பு. மூன்றாம் லெவலிலிருந்து கண்ட்ரோல்-ஜி அழுத்தி ஆட்டத்தைச் சேமிக்கலாம். எங்கே நின்று சேமித்தாலும் மீட்கும்போது லெவலின் தொடக்கமே வரும். ஆனால் நேரம், சேமித்த கணத்தில் இருந்ததே வரும். ஆகவே லெவல் தொடங்கியவுடன் சேமிப்பதுதான் லாபம். ஒரு லெவலை முடித்த பிறகு ஸ்பேஸ் விசையை அழுத்தி மிச்ச நேரத்தைப் பார்க்க வேண்டும். அதிகம் செலவாகியிருந்தால் அந்த லெவலின் தொடக்கத்தை மீட்டு மறுபடி ஆட வேண்டும். டாஸ் பதிப்பு ஒரே ஒரு சேமிப்புக் கோப்பை வைத்திருப்பதால், ஒவ்வொரு லெவலுக்கும் அதை வேறு பெயரில் நகல் எடுத்துவைக்க வேண்டும். சராசரி லெவலுக்கு 5 நிமிடம். முதலிரண்டு லெவல்களில் மிச்சம் பிடித்தால் கடைசி லெவல்களில் கைகொடுக்கும்.

சண்டைக்கு வாள் வேண்டும். அது முதல் லெவலில் ஓரிடத்தில் கிடக்கிறது. அதை எடுக்காமல் காவலனிடம் போகக் கூடாது. வாளை உருவாமல் நிற்பவனுக்கு விழும் ஒரே வெட்டு மரணம். உருவிய பின் ஷிஃப்ட் குத்தும், மேல் அம்பு தடுக்கும். எதிரி வெட்டும்போது தடுத்து, அடுத்த கணமே குத்துவது எல்லாக் காவலர்களிடமும் பலிக்கும். முந்திக்கொண்டு குத்துகிறவருக்கே அடி அதிகம் விழும்.

இனி, தெரியாவிட்டால் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளவைக்கும் புதிர்கள். மூன்றாம் லெவலில் எழுந்து நிற்கும் எலும்புக்கூட்டுக்கு உயிர் இல்லாததால் அதைக் கொல்ல முடியாது. குத்திக் குத்திப் பின்னுக்குத் தள்ளி விளிம்பிலிருந்து கீழே விழவைக்க வேண்டும். நான்காம் லெவலில் வெளிவாசலைத் திறந்ததும், வந்த வழியில் ஒரு கண்ணாடி முளைத்திருக்கும். ஓடிவந்து அதற்குள் தாவ வேண்டும். நிழல் மனிதன் ஒருவன் அதிலிருந்து பிரிந்து எதிர்ப்பக்கம் ஓடுவான், இளவரசனுக்கு ஓர் உயிரே மிஞ்சும். இந்த நிழல் பிறந்ததற்குக் காரணம் பஞ்சம்: புதிய எதிரியை வரைய ஆப்பிள் 2இன் நினைவகத்தில் இடமில்லை, இளவரசனின் படங்களையே சற்றுத் திரித்துப் பயன்படுத்தினார் மெக்னர். ஐந்தாம் லெவலில் அந்த நிழலே பெரிய குப்பியைக் குடித்துவிட்டுப் போகும். தடுக்க முயன்று நேரத்தை விரயம் செய்ய வேண்டாம். ஆறாம் லெவலின் முடிவில் அது கதவை மூடிவிடும், இளவரசன் கீழே விழுவான். விழுவதுதான் வழி, ஏழாம் லெவல் அங்கேதான் தொடங்குகிறது. எட்டாம் லெவலில் கதவுக்குள் சிக்கிக்கொண்டால் எதையும் தொடாமல் காத்திருக்க வேண்டும். இளவரசி அனுப்பிய எலி வந்து கல்லை மிதித்துத் திறக்கும். அவசரக்காரர்கள் லெவலை மறுபடி தொடங்கித் தோற்பது இங்கேதான்.

பன்னிரண்டில் நிழல் வாளோடு நிற்கும். அதற்கு விழும் ஒவ்வொரு வெட்டும் இளவரசனுக்கும் விழும். இருவரும் ஒருவரே என்பதற்கான குறிப்பு அது. கீழ் அம்பை அழுத்தி வாளை உறையில் போட்டு, நேராக நடந்து அதனோடு கலந்துவிட வேண்டும். பிறகு எதிரே தெரியும் வெற்றிடத்தை நோக்கித் தயங்காமல் ஓடினால் காலடியில் கற்கள் தோன்றும். கலக்காமல் ஓடினால் தோன்றா. ஜாஃபர் அதற்கு அப்பால் நிற்கிறான். காவலர்களிடம் பழகிய அதே தடுப்பும் குத்தும் அவனுக்கும் போதும். முடிந்ததும் ஆட்டம் பெயரைக் கேட்கும். வெற்றிப் பட்டியலில் இடம் முடிவாவது மிச்சமிருக்கும் நிமிடங்களை வைத்துத்தான்.