நளன் எழுந்தான், தருமர் எழவில்லை



தீபாவளி இரவில் நம் வீடுகளில் சீட்டுக்கட்டு வெளியே வரும். ஐம்பது காசில் தொடங்கும் ஆட்டம் ஐம்பது வெள்ளிக்குப் போய்விடும். இப்போது கைப்பேசியிலேயே போக்கர் வந்துவிட்டது. ஆயர் குரோ தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வரும் பையன் பஸ்ஸிலேயே ஆடலாம். தோற்றவன், "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்டா" என்பான். போன பணத்தைவிட, போன மானத்தை மீட்கத்தான் அவன் மறுபடி உட்காருகிறான்.

மகாபாரதத்தில் தருமர் நாட்டையும் தம்பிகளையும் இழந்து, கடைசியில் தன்னையே வைத்துத் தோற்றார். அப்போதும் எழவில்லை, திரௌபதியை வைத்தார். அழைக்க வந்தவனிடம் அவள் கேட்டனுப்பிய கேள்வி இதுதான்: அவர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா?

நளனும் நாட்டைத் தோற்றான். "தமயந்தியை வைத்து ஆடு" என்று புட்கரன் சீண்டினான். நளனுக்கு நெஞ்சு கொதித்தது. ஆனாலும் பதில் பேசாமல் நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஒற்றை ஆடையோடு வெளியேறினான். கையில் ஒன்றுமில்லை. ஆனால் அவன் தன்னைத் தோற்கவில்லை.

இந்தக் கதையைத் தருமர் கேட்டது காட்டில். "என்னைவிடத் துர்ப்பாக்கியசாலி உண்டா?" என்று அவர் வாய்விட்டுக் கேட்டபோது, பிருகதசுவ முனிவர் நளன் கதையைச் சொல்லித் தேற்றினார். வாய் திறந்ததால்தான் ஆறுதல் கிடைத்தது.

எல்லோரும் வாய் திறப்பதில்லை. தமிழ்நாட்டில் இணைய ரம்மியில் பணம் இழந்த பலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். அதன்பிறகே 2023-இல் அங்கே இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது.

ஆகவே மூன்று பழக்கம்:

1. சூதுப் பக்கமே போகாதிருப்பது நல்லது. போய்த் தோற்றுவிட்டால், கோபம் ஏறும்போதே எழுந்துவிடு. முகம் கழுவு, தண்ணீர் குடி. அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

2. விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்காதே. போனது சம்பளக் காசு; உன் மதிப்பு அந்த மேசையில் இல்லை.

3. மறைக்காதே. அக்காவிடமோ மாமாவிடமோ அன்றைக்கே சொல்லிவிடு. ஏசுவார்கள், ஏசட்டும். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை எந்நேரமும் அழைக்கலாம்: 03-7627 2929.

கலந்துரையாட: தோற்று வந்த நண்பனிடம் நாம் முதலில் கேட்பது, "எவ்வளவு போச்சு?" என்பதா, "சாப்பிட்டியா?" என்பதா?