ஓயாமல் அடித்த மணி

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்” என்பது பழமொழி. அச்செல்வத்தைக் காப்பதற்காக நம் உடலுக்குள் இரவும் பகலும் செய்தி சுமந்து ஓடும் தூதர்கள் உண்டு. அவர்களுக்குச் சைட்டோகைன்கள் என்று பெயர். அவர்களைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

2021ஆம் ஆண்டு மே மாதம் என் அம்மாவுக்குக் கொரோனா வந்தது. நான் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். பத்து நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் களைப்பு விடவில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். குழம்பில் உப்புப் போட்டோமா என்பது மறந்துபோகும். இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. “எல்லாம் மனசுதான்” என்றார்கள் உறவினர்கள். நானும் ஒருநாள், “அம்மா, நீ ஏன் எப்போ பார்த்தாலும் படுத்துக்கிட்டே இருக்கே?” என்று கேட்டுவிட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியே இதை எழுதுகிறேன்.

தூதர்களின் வேலை

சைட்டோகைன்கள் என்பவை உயிரணுக்கள் வெளியிடும் சிறிய புரதங்கள். நம் பள்ளி மணியை நினைத்துக்கொள்ளுங்கள், தோழியரே! மணி அடிக்கும் விதத்தைக் கொண்டே வகுப்புக்குப் போவதா, வீட்டுக்குப் போவதா என்று அறிகிறோம் அல்லவா? அதுபோலவே ஒவ்வொரு சைட்டோகைனும் ஒரு கட்டளையைச் சொல்கிறது.

1957ஆம் ஆண்டு லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் என்னும் இரு அறிஞர்கள் இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தனர். வைரஸ் புகுந்த உயிரணு இதை வெளியிட்டு, “பகைவன் வந்துவிட்டான், கதவை அடையுங்கள்” என்று அக்கம்பக்கத்து உயிரணுக்களை எச்சரிக்கிறது. இன்டர்லூக்கின்-6 என்பது மற்றொரு தூதர். காய்ச்சலை உண்டாக்குவதில் இதற்குப் பங்குண்டு. கல்லீரலிடம் சொல்லிச் சி.ஆர்.பி. என்னும் புரதத்தைச் செய்யவைப்பதும் இதுவே. கொரோனா நாள்களில் பல வீடுகளில் கவலையோடு பார்த்த சி.ஆர்.பி. பரிசோதனை இதுதான்.

மணி தவறினால்

கடுமையான கொரோனா கண்ட பலரிடம், முதலில் ஒலிக்க வேண்டிய இன்டர்ஃபெரான் மணி தாமதமாகவோ மெதுவாகவோ ஒலித்தது. அதற்குள் வைரஸ் பெருகிவிட்டது. பின்பு இன்டர்லூக்கின்-6 போன்றவை அளவுக்கு மீறிச் சுரந்தன. இரத்த நுண்குழாய்கள் கசிந்து, நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோத்தது. காக்க வந்த படையே வீட்டை இடித்தது போலாயிற்று.

2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு ஒரு வழி காட்டியது. டெக்சாமெத்தசோன் என்னும் விலை மலிவான பழைய மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் பிராணவாயு தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் பயன் இல்லை. அளவு மீறிய மணியை அடக்கலாம். தேவையான மணியை அடக்கக்கூடாது என்பது இதிலிருந்து விளங்குகிறது.

நெடுங்கொரோனா

நோய் தொடங்கி மூன்று மாதம் ஆன பின்னும், வேறு காரணமின்றிக் களைப்பு, மூச்சிரைப்பு, மறதி போன்றவை இரண்டு மாதமேனும் நீடித்தால் அது நெடுங்கொரோனா என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. 2022இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர ஆய்வாளர்கள், இத்தகையோர் சிலரின் இரத்தத்தில் எட்டு மாதம் கழித்தும் இன்டர்ஃபெரான்கள் மிகுந்திருப்பதைக் கண்டனர். பகைவன் போன பின்னும் மணி ஓயவில்லை! உடலில் ஒளிந்திருக்கும் வைரஸின் மிச்சம் காரணமாகலாம் என்பது ஒரு கருத்து. எல்லாருக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்பதில்லை. வழக்கமான இரத்தப் பரிசோதனைகளில் இது தெரிவதில்லை. அதே சிட்னி ஆய்வைத் தொடர்ந்தபோது, இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலோரின் இரத்தம் சீரடைந்திருந்தது என்பது ஆறுதலான செய்தி.

இதைக் குணப்படுத்தத் தனி மருந்து இன்னும் உறுதியாகவில்லை. வேலையைச் சிறிது சிறிதாகப் பிரித்துக்கொண்டு, களைத்துப்போகுமுன் ஓய்வெடுப்பதே பலருக்கும் உதவுகிறது.

என் அம்மா தேற ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அவர் உடலில் எந்த மணி அடித்தது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆனால் அது சோம்பல் அன்று என்பதை இன்று அறிவேன். இக்கட்டுரையை முதலில் அவரிடம்தான் படித்துக் காட்டினேன். உங்கள் வீட்டிலும் யாரேனும் காரணம் தெரியாமல் களைத்திருந்தால், தோழியரே, நான் கேட்ட கேள்வியைக் கேட்காதீர்கள். கையிலிருக்கும் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள்.